விமானம் வந்தாச்சு, மலைக்குப் பஸ் எப்போ? (ஏற்காடு கூட்டத்தில் பேசியது)



காமலாபுரத்துல இருக்கிற நம்ம சேலம் விமான நிலையம் 1993-ல் திறந்தது. ஆனா சேவை நிலைச்சு நின்னதே இல்லை. 2009-ல் கிங்பிஷர் வந்துச்சு, 2011-ல் போச்சு. 2018-ல் உடான் திட்டத்துல ட்ரூஜெட் வந்துச்சு, அதுவும் 2021-ல் நின்னுச்சு. கம்பெனி நொடிச்சா நம்ம ஊர் விமானமும் நிக்குது!

2023 அக்டோபர்ல மறுபடி ஆரம்பிச்சிருக்கு. இந்த முறை விடக் கூடாது. சீட்டு நிரம்பினாத்தான் சேவை நிக்கும். அதுக்கு ஏற்காடு வர்றவங்களும் விமானத்துல வரணும். ஆனா இறங்கினதும் சேலம் போய், பஸ் மாறி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும். பெட்டியும் குழந்தையுமா யார் வருவா?

நாம கேட்கிறது இரண்டே:

✅ விமான நேரத்துக்கு ஏத்தபடி காமலாபுரத்துல இருந்து ஏற்காட்டுக்கு நேரடி அரசுப் பஸ்.

✅ ஓடுபாதை நீளம் 1,806 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும். விரிவாக்கம் வேணும்னா, நிலம் கொடுக்கிற விவசாயி சம்மதத்தோட, நியாயமான விலையோட.

மலைக்கும் வேலை வரணும், வயலும் அழியக் கூடாது. சரின்னு பட்டா பகிருங்க!

#சேலம்விமானநிலையம் #ஏற்காடு