அம்மாவின் கேசட், காரில் ஓடும் சிடி

(சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது. சிலர் எழுத்தில் கேட்டதால் இங்கே தருகிறேன்.)

"சார், ரிடையர் ஆனவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். பேங்கில் கிளார்க்காக இருந்தவன் என்றால் ஃபிக்ஸட் டெபாசிட் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பார். வட்டி விகிதம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேசப்போவது கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டை சிடியில் எழுதி, பழைய காரில் கேட்பது பற்றி.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே வருவதற்கு முன்னால் பார்க்கிங்கில் ஒரு சுற்று போய் எட்டிப் பார்த்தேன். ஒன்பது கார்களில் இன்னும் சிடி போடுகிற வாய் இருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது, 2008 மாடல். அதில் யூஎஸ்பி கிடையாது, ப்ளூடூத் கிடையாது, ஆக்ஸ் துளைகூடக் கிடையாது. ரேடியோ, சிடி, அவ்வளவுதான்.

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு 74 வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவள் பையன் காலையிலேயே ஆபீஸ் போய்விடுவான், அதனால் கூட்டிக்கொண்டு போய் வருவது நான்தான். போக நாற்பது நிமிஷம், வர ஒரு மணி நேரம். போகும்போது ஏதாவது பேசுவாள். வரும்போது பேசமாட்டாள், தெம்பு இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பாள். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது கண்ணைத் திறக்காமலே, "ஏண்டா, அம்மா பாடின கேசட் உங்கிட்டதானே இருந்தது?" என்று கேட்டாள்.

இருந்தது. 1987 நவராத்திரி. துபாயிலிருந்து வந்த சித்தப்பா ஒரு டூ இன் ஒன் கொடுத்திருந்தார். கொலுவுக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் அம்மா பாடினாள், நான் பட்டனை அழுத்தினேன். அறுபது நிமிஷ கேசட், இரண்டு பக்கமும் நிறைய. அம்மா போய் 19 வருஷம் ஆகிறது. அவள் குரல் வேறெங்கும் இல்லை.

கேசட்டை எடுத்தால் நாடா தளர்ந்து கிடந்தது. ஆறு பட்டை பென்சிலை நுழைத்து மெதுவாகச் சுற்றி இறுக்கினேன். மூன்றாவது மாடிப் பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு வாக்மேன் கொண்டுவந்தான். அதன் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு ஒரு 3.5 மில்லிமீட்டர் வயர். லேப்டாப்பில் லைன் இன் இல்லையென்றால் மைக் துளையில் போடலாம், ஆனால் வாக்மேன் வால்யூமை நன்றாகக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குரல் கரகரக்கும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். இதில் குறுக்கு வழி எதுவும் கிடையாது. அறுபது நிமிஷ கேசட் கம்ப்யூட்டரில் ஏற அறுபது நிமிஷம் ஆகும்.

பதிவானதைப் பாட்டுப் பாட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே டிராக்காக விட்டால், காரில் மூன்றாவது பாட்டைக் கேட்க முதலிரண்டையும் கேட்டே ஆகவேண்டும்.

இதுவரை சுலபம். நான் தடுமாறியது சிடி எழுதுவதில். நாலு சிடி ஆனது.

முதல் சிடி. வெற்றுத் தட்டைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இதை யூஎஸ்பி பென் டிரைவ் மாதிரி வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, சிடி பிளேயரில் போடப் போகிறீர்களா? முதலாவது வசதியாகத் தோன்றியது, அதைத் தொட்டேன். பாட்டுகளை இழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் அழகாகப் பாடியது. காரில் போட்டால் "எரர்". அந்த முறையில் எழுதினால் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு ஃபைலைச் சேர்க்கலாம், அழிக்கலாம். அதற்கான எழுத்து முறையே வேறு, அது கார் ஸ்டீரியோவுக்குப் படிக்கத் தெரியாது.

இரண்டாவது சிடியில் சரியான பதிலைத் தொட்டேன். ஆனால் எம்பி3 ஃபைல்களை அப்படியே எழுதினேன். இப்போது "நோ டிஸ்க்" என்றது. தட்டு உள்ளே இருக்கும்போதே தட்டு இல்லை என்கிறதே என்று கோபம் வந்தது. அதன் பக்கம் நியாயம் இருந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து செய்த சிடி 1982ல் கடைக்கு வந்தது. அப்போது எம்பி3 என்று ஒன்றே இல்லை. ஒரு நொடியை 44,100 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் 16 பிட்டில் எழுதுவது அந்தக் கால ஏற்பாடு. அப்படி எழுதினால் ஒரு தட்டில் 80 நிமிஷம்தான் பிடிக்கும். எம்பி3 என்பது சுருக்கி மடித்து வைத்த சங்கீதம். அதே 700 எம்பி தட்டில், 128 கேபிபிஎஸ் தரத்தில், 12 மணி நேரத்துக்கு மேலேயே அடங்கும். ஆனால் அந்த மடிப்பைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த பிளேயராக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் காரியம், கார் ஸ்டீரியோவின் முகத்தைப் பாருங்கள். எம்பி3 என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் டேட்டா சிடி போதும், நூற்றைம்பது பாட்டு வரை வைக்கலாம். இல்லையென்றால் ஆடியோ சிடிதான். விண்டோஸ் மீடியா பிளேயரில் (விண்டோஸ் 11ல் பழைய பிளேயரை லெகஸி என்ற பெயரோடு தேட வேண்டும்) பர்ன் என்ற பக்கத்தில் ஆடியோ சிடி என்பதைத் தேர்ந்தெடுத்தால், எம்பி3யை அதுவே விரித்து எழுதிவிடும். அறுபது நிமிஷ கேசட் ஒரு தட்டில் அடங்கும். தொண்ணூறு நிமிஷ கேசட் அடங்காது, இரண்டாகப் பிரியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவை அப்படியே போட முயற்சி செய்யாதீர்கள். ஆடாசிட்டியில் திறந்து எம்பி3 ஆகவோ வேவ் ஆகவோ மாற்றிக்கொள்ளுங்கள். திறக்க மறுத்தால் அந்த மூன்றாவது மாடிப் பையனைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது சிடி பாடியது. ஆனால் தத்தித் தத்திப் பாடியது. அவசரத்தில் உச்ச வேகத்தில் எழுதியிருந்தேன். கடையில் வாங்கும் சிடியில் பள்ளங்கள் அச்சில் அழுத்தியவை. நாம் எழுதும் சிடி-ஆரில் பள்ளம் கிடையாது, ஒரு சாயப் பூச்சை லேசர் சுட்டுக் கறுப்பாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதும் கொஞ்சம் மங்கல். என் கார் மாதிரி லென்ஸில் பதினைந்து வருஷத் தூசி இருந்தால் கேட்கவே வேண்டாம். அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ இன்னும் மங்கல், பழைய கார்கள் பெரும்பாலும் அதைத் தொடாது. அதனால் சிடி-ஆர் மட்டும் வாங்கி, பர்ன் ஆப்ஷன்ஸில் வேகத்தை ஸ்லோ என்று வையுங்கள். அங்கேயே வால்யூம் லெவலிங் என்று ஒன்று உண்டு. அதையும் டிக் செய்துவிடுங்கள், ஒரு பாட்டு கத்தவும் அடுத்தது முனகவும் செய்யாது.

வேறு சாஃப்ட்வேரில் எழுதினால் கடைசியில் ஃபைனலைஸ் செய்ய வேண்டும். பேங்கில் சாயங்காலம் டே புக்கை டேலி செய்து குளோஸ் பண்ணாமல் வீட்டுக்குப் போக முடியாது இல்லையா, அதே கதைதான். குளோஸ் ஆகாத தட்டைக் கார் ஏற்காது.

நாலாவது சிடி ஓடியது.

தட்டின் மேல் பெயர் எழுத சிடி மார்க்கர்தான். பால்பாயின்ட் பேனா வேண்டாம். பாட்டு இருப்பது அடிப்பக்கத்தில் என்று நினைக்கிறோம், உண்மையில் அந்தப் பூச்சு மேல்பக்கத்தில் மெல்லிய வார்னிஷுக்குக் கீழேதான் இருக்கிறது. அழுத்தி எழுதினால் போச்சு. பேப்பர் லேபிளும் ஒட்டாதீர்கள், நம்ம மே மாச வெயிலில் காருக்குள் பசை இளகி ஸ்டீரியோவின் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எழுதிய தட்டை டேஷ்போர்டில் காயவிட வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

"இவ்வளவு கஷ்டத்துக்குப் புது ஸ்டீரியோ மாற்றலாமே, சார்" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். மாற்றலாம், சில ஆயிரம் ஆகும். ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் முதலில் வாங்கிப் பார்த்தேன். அம்மா பாடிக்கொண்டிருக்கும்போதே கிண்டி தாண்டியதும் யாரோ ஒரு ஆர்ஜே உள்ளே புகுந்து கடி ஜோக் சொன்னார். அதோடு அதை விட்டேன்.

வெற்றுத் தட்டு கிடைக்குமா என்றும் கேட்டீர்கள். ஒரு காலத்தில் பெட்டிக்கடையைத் தவிர எல்லாக் கடையிலும் கிடைத்தது. மோசர் பேயர் என்ற நம் நாட்டுக் கம்பெனி உலகத்துக்கே தட்டு செய்து கொடுத்தது. 28 ரூபாய்க்கு சினிமா விசிடி விற்றார்களே, அவர்கள்தான். 2018ல் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. இப்போது நான் வாங்குவது ரிச்சி தெருவில். நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் நடக்கிற தூரம். இப்போதைய லேப்டாப்புகளில் சிடி எழுதும் டிரைவும் வருவதில்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி ரைட்டரும் அதே தெருவில் கிடைக்கும்.

அந்த வியாழக்கிழமை திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லாமல் சிடியைப் போட்டேன். முதலில் நாடாவின் உஸ்ஸென்ற சத்தம், தட்டு வைக்கிற சத்தம், பிறகு அம்மா. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது பாட்டு நடுவில் ஒரு பெரிய இரைச்சல் வந்து அம்மா நிறுத்துகிறாள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம். அது போகட்டும் என்று காத்திருந்து, விட்ட இடத்திலேயே எடுக்கிறாள். ஆடாசிட்டியில் அந்த இரைச்சலை வெட்டிவிடலாமா என்று எனக்கு யோசனை இருந்தது, நல்லவேளை, வெட்டவில்லை. "இப்ப இருமுவா பாரு" என்றாள் அக்கா. இருமினாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அக்காவுக்கு அந்த இருமல் நினைவில் இருக்கிறது, பட்டனை அழுத்திய எனக்கு இல்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. "இந்தப் பக்கம் முடியட்டும்" என்றாள். சிடிக்குப் பக்கம் கிடையாது என்று நான் சொல்லவில்லை.

என்னிடம் ஐம்பது தட்டு டப்பாவில் 41 மீதி இருக்கிறது. வாக்மேனைப் பையன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டுப் பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சி பிளாக்குக்குக் கொண்டு வாருங்கள். கூடவே ஒரு பென்சிலும், பட்டை போட்டதாக.