பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆறு நாள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. என்னைக் கூப்பிட்டு, "நீ உன் பாப்பா விஷயத்தைப் பேசு"ன்னு தலைவியக்கா சொன்னாங்க. இதைப் போய் மைக்கில் பேசறதான்னு எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு நாளும் என்கிட்ட யாராவது இதைப் பேசியிருந்தால் நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். அதனால் பேசுகிறேன்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். ஆறு மாதம் வரைக்கும் தண்ணிகூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன். அப்புறம் பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், இட்லி என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தோம். பாலையும் விடவில்லை. ராத்திரி இரண்டு முறை, பகலில் நாலைந்து முறை குடிப்பாள். கீழே இரண்டு பல்லும் முளைத்து, மேலே ஈறு வீங்கி இருந்த நேரம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பால் குடித்துக்கொண்டே இருந்தவள் நறுக்கென்று கடித்துவிட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. என்னை அறியாமல் "ஐயோ"ன்னு ஒரே கத்து. வெடுக்கென்று இழுத்து விலக்கிவிட்டேன். பாப்பா பயந்து உதடு பிதுக்கி, மூச்சு அடங்கி, அப்புறம் வீரிட்டு அழுதாள். அதோடு விட்டிருந்தால்கூடச் சரியாகியிருக்கும். மறுநாள் ஊக்குநர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. கணக்குப் பதிவேடு எழுதும் பயிற்சி. போகாமல் இருக்க முடியாது. ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டியிருந்தது. பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரரின் அம்மாவைத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மார்பு இரண்டும் கல்லாகக் கனக்க ஓடி வந்தேன். தங்கின இடத்தில் கொடுத்த வாசனை சோப்பில் குளித்திருந்தேன், தலை நிறையப் பூ. பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள், தாவி வந்தாள். மடியில் போட்டு மாராப்பை விலக்கினேனோ இல்லையோ, முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். மறுபடி போட்டேன். மறுபடி அதே. எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, விடியற்காலையில். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பிள்ளை நம்மை வேண்டாம் என்று சொல்வது போல ஒரு வலி வேறு எதிலும் இல்லை. வேலைக்குப் போனதால்தான் இப்படின்னு எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டேன். ஊக்குநர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஊர் சொன்னதையும் சொல்லணுமே. ஒருத்தர் கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டோம். "வெயிலில் அலைந்துவிட்டு வந்து கொடுத்தால் பால் சூடாகிப் புளித்துவிடும், அதான் குடிக்கலை"ன்னு ஒருத்தர். அது உண்மை இல்லை. மார்பில் இருக்கிற பால் வெயிலில் புளிக்காது, கெட்டுப்போகாது. அத்தை சொன்னாங்க, "பால் மறந்துட்டா, விடு. வேப்பங்கொழுந்து அரைச்சுப் பூசித்தான் நாங்க மறக்கடிச்சோம். உனக்கு அந்தக் கஷ்டமும் இல்லாமப் போச்சு." அவங்க நல்ல எண்ணத்தில்தான் சொன்னாங்க. மருந்துக்கடையில் டின் பால் விலை கேட்டு வந்தேன். ஒரு டின் வாங்கினால் ஒரு வாரம்கூட வராது. இதற்காகக் குழுவில் உள்கடன் கேட்கலாமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த டின்னிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சடித்திருக்கும். 1992-ல் வந்த சட்டப்படி அதைப் போட்டே ஆகணும். நாம்தான் அதைப் படிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மா தடுப்பூசிக் கணக்கு பார்க்க வந்தாங்க. நான் வாசலிலேயே அழுதுட்டேன். அவங்க என்னைத் திட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. உட்கார்ந்து கேள்வி கேட்டாங்க. எப்போதிலிருந்து? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா? சளி இருக்கா? காதைப் பிடித்து இழுக்கிறாளா? வாய்க்குள் வெள்ளையாகத் திட்டு இருக்கா? ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறாள்? புட்டிப்பால் பழக்கியிருக்கீங்களா? கடைசியாகக் குடித்தபோது என்ன நடந்தது? கடித்தது, நான் கத்தினது, பயிற்சிக்குப் போனது, புது சோப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

அப்புறம்தான் சொன்னாங்க. ஒரு வயசுக்குள் இருக்கிற பிள்ளை தானாகப் பாலை மறப்பது அபூர்வம். பால் மறக்கிற பிள்ளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒவ்வொரு வேளையாகக் குறைத்துத்தான் விடும். நேற்று வரைக்கும் குடித்துவிட்டு இன்று திடீரென்று மாட்டேன் என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். மூக்கடைத்திருந்தால் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு குடிக்க முடியாது. காது வலி இருந்தால் சப்பும்போது வலி கூடும். பல் முளைக்கும் ஈறு, வாய்ப்புண், அம்மா திடீரென்று காணாமல் போனது, பழகாத வாசனை, பயந்தது, இதில் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பெரும்பாலும் சில நாளில் திரும்பி வந்துவிடும், சில பிள்ளைக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும் என்றார்கள். "அவ உன்னை வேண்டாம்னு சொல்லலைம்மா. அந்த இடத்தைப் பார்த்துப் பயப்படறா"ன்னாங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தையில் பாதி பாரம் இறங்கிருச்சு.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். குறிப்பெடுக்கிறவங்க எடுத்துக்கங்க.

முதலில் பாலைக் காப்பாற்றணும். பிள்ளை குடிக்கவில்லை என்று அப்படியே விட்டால் பால் கட்டிக்கொள்ளும், அப்புறம் சுரப்பதும் குறைந்துவிடும். பிள்ளை எத்தனை வேளை குடிக்குமோ அத்தனை வேளை கையால் பீய்ச்சி எடுக்கணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, கட்டைவிரலை மேலேயும் மற்ற விரலைக் கீழேயும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு அமுக்கி விடணும். காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம், பால் வராது. முதல் தடவை எனக்கு அரைச் சங்குகூடத் தேறவில்லை. மூணாவது தடவை டம்ளரில் பாதி வந்தது. மார்பில் ஒரு இடம் சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது பால் கட்டு முற்றினது. வீட்டில் வைத்தியம் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிடணும்.

எடுத்த பாலைச் சுத்தமான மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, நம்ம ஊர் வெக்கைக்கு நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடணும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. புட்டி வேண்டாம் என்றார்கள் நர்ஸம்மா. புட்டியில் சப்பிப் பழகிவிட்டால் மார்புக்குத் திரும்புவது இன்னும் கஷ்டம். சங்கு, பாலாடை, ஒன்பது மாதப் பிள்ளைக்குச் சின்ன டம்ளரே போதும். பாப்பா பாதியைச் சட்டையில் கொட்டினாள். பரவாயில்லை, மீதி உள்ளே போச்சு.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்றுக்குப் போவதைத்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனையணும். ஆறு மணி நேரமாகியும் நனையவில்லை, உச்சிக்குழி பள்ளமாகிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, காய்ச்சல், எந்த ஆகாரமும் இறங்கவில்லை என்றால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓடணும். வண்டி இல்லையென்றால் 108.

அடுத்தது, கட்டாயப்படுத்தாமல் இருப்பது. இதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினால் பிள்ளைக்கு அது சண்டை போடுகிற இடமாகிவிடும். நான் புதன், வியாழன் இரண்டு நாளும் அதைத்தான் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து நிறுத்தினேன். பழைய சோப்புக்கு மாறினேன், பூவை எடுத்தேன். மதியம் கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, ரவிக்கையைக் கழற்றிவிட்டு, பாப்பாவையும் ஜட்டியோடு நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தேன். பால் கொடுக்கப் பார்க்கவே இல்லை. அவள் என் தாலிச் சரட்டைப் பிடித்து விளையாடினாள். தொட்டியில் தண்ணி ஊற்றி இரண்டு பேரும் ஒன்றாகக் குளித்தோம். அத்தை, "என்னடி இது கூத்து"ன்னாங்க. ஆனால் அவங்கதான் அந்த நாலு நாளும் அடுப்படியைப் பார்த்துக்கிட்டாங்க, மாட்டுக்கும் தண்ணி காட்டினாங்க. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

திங்கட்கிழமை ராத்திரி, இரண்டு மணி இருக்கும். பாப்பா அரைத்தூக்கத்தில் முனகினாள். விளக்குப் போடாமல், பேசாமல், பக்கத்தில் சாய்ந்து படுத்தேன். முதலில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு கிடந்தேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. மறுநாள் பகலில் மறுபடி முகம் திருப்பினாள். தூக்கத்தில் மட்டும் மூணு நாள் குடித்தாள், அப்புறம் முழிப்பிலும் குடித்தாள். இப்போது இரண்டு வயசு ஆகப்போகிறது, இன்னும் விடவில்லை. இரண்டு வயசும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இப்போ அத்தைதான் வேப்பங்கொழுந்து எங்கேன்னு தேடறாங்க.

கடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் உறிஞ்சுகிற பிள்ளையின் நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும், அப்போது அதனால் கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடிக்கும். விழுங்குவது நின்றதும் சுண்டுவிரலை வாயோரம் விட்டு மெதுவாக எடுத்துவிடுங்க. கடித்தே விட்டால் இழுக்காதீங்க, இன்னும் கிட்டத்தில் அணைத்தால் வாயைத் தானே திறந்துவிடும். கத்தாதீங்கன்னு சொல்ல மாட்டேன். வலித்தால் கத்தத்தான் வரும்.

எங்க குழுவில் இன்னொரு தங்கச்சி இருக்கிறாள். அவள் பையன் ஒரு பக்கம் மட்டும் குடிக்க மாட்டேன் என்றான். நான் என் அனுபவத்தை வைத்துப் பெரிய மனுஷி மாதிரி "பயந்திருப்பான், இரண்டு நாள் பொறு"ன்னு சொல்லிட்டேன். டாக்டரிடம் காட்டினால் காதில் சீழ். அந்தப் பக்கம் சாய்த்தால் வலித்திருக்கிறது. மருந்து கொடுத்து நாலாம் நாள் சரியானது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன். இன்னொருத்தி மூணு வாரம் பீய்ச்சிப் பீய்ச்சி டம்ளரில் கொடுத்தாள். பிள்ளை மார்புக்குத் திரும்பவே இல்லை. அவள் கல் உடைக்கப் போகிறவள், அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவளிடம் போய் நீ சரியாகச் செய்யவில்லை என்று யாரும் சொல்லிடாதீங்க.

கடைசியாக ஒரு கோரிக்கை, தலைவியக்காவுக்கு முன்னமே தெரியும். 2015-லிருந்து பஸ் ஸ்டாண்டில்கூடத் தாய்மார்கள் பாலூட்ட அறை இருக்கிறது. நம்ம கூட்டங்களில் இல்லை. மாதக் கூட்டம் மூணு மணி நேரம் நடக்கிறது, பிள்ளைக்காரி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கொடுக்கிறாள், இல்லையென்றால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். பயிற்சிக்குக் கூப்பிடும்போதே ஒரு வயசுக்குள் பிள்ளை இருந்தால் பிள்ளையும் துணைக்கு ஒரு ஆளும் வரலாம் என்று கடிதத்தில் எழுதணும், அவங்களுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுக் கணக்குப் போடணும். இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லி எங்க குழு சார்பில் மனு கொடுத்திருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் பழைய பதிவேடுகள் வைத்திருக்கிற பின் அறையை நாங்க ஆறு பேர் போன வாரம் கூட்டி, ஒரு பாயும் திரையும் போட்டு வைத்திருக்கிறோம். கொக்கி மட்டும் இன்னும் மாட்டவில்லை. இப்போ யாருக்காவது பிள்ளை அழுதால் எழுந்து போங்க, நான் வாசலில் நின்றுகொள்கிறேன்.