ஐந்து படங்கள் போதும்

(தேனி மாவட்ட ஆசிரியர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அறிவியல் ஆசிரியர். சொந்த ஊர் பொட்டிப்புரம். ஊரில் என்னை 'போட்டோ வாத்தியார்' என்றுதான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய யாஷிகா கேமரா ஒன்றை வாங்கினேன். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள். சுருள் வாங்க ஒரு செலவு, கழுவிப் பிரிண்ட் போட இன்னொரு செலவு. அதனால் ஒரு படம் எடுக்குமுன் பத்து முறை யோசிப்பேன். வீட்டில் திட்டு விழும். ஆனாலும், போடி ஸ்டூடியோவில் கழுவி வந்த படங்களை உறையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும் அந்த நேரத்துக்காக எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இன்று நம் எல்லோர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. பள்ளியில் எது நடந்தாலும் படம் எடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பொழுதுபோக்கு எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தைச் சொல்லவே இன்று வந்தேன். அது என் தவற்றிலிருந்து தொடங்குகிறது.

ஒரு நாள் மதியம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மடியில் காலித் தட்டு. பக்கவாட்டில் வெயில். நிமிர்ந்து சமையற்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகைப்படக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவனுக்கே தெரியாமல் எடுத்தேன். 'பசி' என்று தலைப்பு வைத்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆசிரியர் அறைக்கு வெளியே ஆணியடித்து மாட்டினேன்.

அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய அம்மா வந்தார். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுபவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். சத்தம் போடவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், நான் விடியக்கருக்கல்ல எந்திரிச்சு ஆக்கி வச்சிட்டுத்தான் ஜீப்பு ஏறுறேன். எம்புள்ள அன்னிக்கும் சாப்பிட்டுத்தான் வந்தான். பசின்னு எழுதி மாட்டிருக்கீங்களே."

என்னிடம் பதில் இல்லை. படத்தில் இருந்த தட்டு உண்மை, வெயில் உண்மை, பையனும் உண்மை. நான் வைத்த தலைப்பு பொய். ஒரு தாய் நாள்தோறும் விடியுமுன் செய்கிற வேலையை ஒரே சொல்லில் இல்லாமலாக்கிவிட்டேன். படத்தைக் கழற்றினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பையனிடமும் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல சார்" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை.

அந்தக் காலகட்டத்தில் எங்கள் ஊருக்குக் கேமராக்கள் நிறைய வந்தன. 2015 ஜனவரியில் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. பொட்டிப்புரத்தை ஒட்டிய மலையைக் குடைந்து ஆய்வகம் அமைப்பது திட்டம். ஊரில் எதிர்ப்பும் எழுந்தது. அந்தத் திட்டம் சரியா தவறா என்பது இன்றைய பேச்சு இல்லை. மலையையும் மக்களையும் எல்லோரும் படமெடுத்துச் சென்றார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நம்ம மலைய எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க. நாம எப்ப சார் எடுக்குறது?"

அந்தத் தாயின் சொல்லும் இந்தப் பிள்ளையின் கேள்வியும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கேமராவே இல்லாமல் தொடங்கினோம். நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு மிகக் குறைவு. வகுப்பறையின் ஜன்னல்களையும் கதவையும் கறுப்புச் சார்ட் கொண்டு வெளிச்சம் புகாமல் அடைக்க வேண்டும். மலையைப் பார்த்த ஜன்னலில் மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்கு ஒரு துளை. எங்களுக்கு மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். அதனால் காலை வேளையே சரி. துளைக்கு எதிரே ஒரு வெள்ளைச் சார்ட்டைப் பிடிக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் கடினமான பகுதி!

பிறகு ஒரு குரல்: "சார், மலை தலைகீழாத் தொங்குது!"

ஆமாம். நீல வானம் கீழே, மலை மேலே. வண்ணத்தோடு, அசைவோடு. வெளியே ஒரு மாடு நடந்து போனது, சார்ட்டில் அது கால்களை மேலே வைத்து நடந்தது. வகுப்பே சிரித்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று நான் அதுவரை கரும்பலகையில் கோடு போட்டுத்தான் நடத்தியிருந்தேன். உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே கீழே இறங்குகிறது, அடிவாரத்து ஒளி மேலே ஏறுகிறது என்பதை அன்று பிள்ளைகள் தாங்களே சொன்னார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் இந்த இருட்டறையை ஆராய்ந்து எழுதினார் என்றும், அந்தப் பிம்பத்தை நிலையாகப் பதிய வைக்க மனிதன் 1820கள் வரை காத்திருந்தான் என்றும் சொன்னேன். பிரான்சில் நியெப்ஸ் தன் வீட்டு ஜன்னல் வழியே எடுத்த அந்தப் படத்துக்குப் பல மணி நேர வெளிச்சம் தேவைப்பட்டது. "அவ்வளவு நேரம் ஆடாம அசையாம இருந்துச்சா சார் அந்த வீடு?" என்றான் ஒருவன். வீடுதானே, இருந்திருக்கும்!

மறுவாரம் செருப்புப் பெட்டியில் ஊசித்துளை கேமரா செய்தோம். ஒரு பக்கம் ஊசித்துளை, எதிர்ப்பக்கம் டிரேசிங் தாள். அதன் பிறகுதான் என்னுடைய பழைய டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தேன். ஒருவருக்கு ஒரு நாள். விதிகள் மூன்று.

ஒன்று, ஐந்து படங்கள்தான். 36 படச் சுருள் எனக்குக் கற்றுத்தந்த கட்டுப்பாடு இது. எண்ணிக்கை குறைந்தால் பார்வை கூர்மையாகும்.

இரண்டு, ஆளைப் படமெடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது. தெரியாததை எழுதக் கூடாது. இந்த விதி பிள்ளைகளைவிட எனக்காகப் போட்டது.

அந்த மூன்று வரிகளைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு ஒரு செய்தி. கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிற பிள்ளைகள், தான் எடுத்த படம் என்றால் எழுதுகிறார்கள். திராட்சைப் பந்தலின் கீழ் நின்று ஒரு மாணவி எடுத்த படத்துக்கு மூன்று வரி கேட்டேன், ஒரு பக்கம் எழுதினாள். கவாத்து வெட்டுவது முதல் பழம் பறிப்பது வரை எல்லாம் அதில் இருந்தது. எனக்குத் தெரியாத பல செய்திகள்.

அடுத்து, அசையும் படம். 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் சுமார் 50 விநாடிதான். கேமரா ஒரே இடத்தில் நிற்கும். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். அதையே எங்கள் பயிற்சியாக வைத்துக்கொண்டோம். ஒரு கைபேசி, 50 விநாடி, கேமரா நகரக் கூடாது. எங்கே வைப்பது, எப்போது தொடங்குவது என்ற இரண்டை மட்டும் குழுவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சில்தான் கற்றலே நடக்கிறது.

ஒரு குழு தெருக்குழாயை எடுத்தது. குடம் வைப்பது முதல் நிரம்புவது வரை எடுக்கத் திட்டம். 50 விநாடி முடிந்தது, குடம் பாதிகூட நிரம்பவில்லை. "படம் தோத்துப்போச்சு சார்" என்று வந்தார்கள். அது தோற்கவில்லை. ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், வரிசையில் கடைசியில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று அது கணக்கு வகுப்புக்குப் போனது. பிள்ளைகளே உண்டாக்கிய கணக்கு என்பதால் விடை தெரியாமல் யாரும் எழுந்து போகவில்லை.

இது இயக்குநர்களை உருவாக்கும் முயற்சியா என்று கேட்கிறார்கள். அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் பிறந்த மாவட்டம் இது. அந்த ஆசையைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அந்த நோக்கம் இல்லை. தன் ஊரையும் தன் வீட்டையும் தன் கண்ணால் பார்த்து, பார்த்ததை நேர்மையாகச் சொல்ல ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் போதும்.

ஆர்வம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஏ.கே. செட்டியாரைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கோட்டையூரில் பிறந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று கப்பல் பயணத்தில் அவருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. சுமார் ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பலர் பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருந்த ஃபிலிம்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். 50,000 அடி. அதிலிருந்து உருவான படம் 1940இல் வெளிவந்தது. படம் எடுப்பது மட்டும் கலையில்லை, எடுத்ததைத் தேடிப் பாதுகாப்பதும் கலைதான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளை வீட்டிலுள்ள பழைய ஸ்டூடியோ படங்களைப் பார்த்து, அதிலிருப்பவர் பெயரையும் ஆண்டையும் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சமூக அறிவியலுக்கு அதைவிட நல்ல வீட்டுப்பாடம் இல்லை.

நம் பக்கத்துக் கொடைக்கானலில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. ஒரே சூரியன், நூறாண்டுக்கு மேற்பட்ட படங்கள். தனித்தனியே பார்த்தால் ஒரு வட்டம். வரிசையாக வைத்தால் சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் கதை. நாமும் பள்ளிக்கு அருகிலுள்ள கண்மாயை மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஆண்டு முடிவில் 12 படங்கள் சுவரில் இருக்கும். மழையும் வறட்சியும் தானே பேசும்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். உதவி பெறும் பிள்ளையை, அழும் பிள்ளையை, அடி வாங்கிய பிள்ளையைப் படமெடுக்காதீர்கள். பதிவுக்குத் தேவையென்றால் பொருளை எடுங்கள், முகம் வேண்டாம். மாணவர் படங்களைக் கைபேசி ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். பதிமூன்று வயதில் தன் படம் ஊரார் கையில் சுற்றுவது எப்படி இருக்கும் என்பதை ஒரு நிமிடம் நினைத்தால் போதும்.

கடைசியாக, அந்த மாணவன். கேமரா வரிசையில் அவன் முறை வந்தபோது வாங்குவானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வாங்கிக்கொண்டான். மறுநாள் திருப்பிக் கொடுத்தான். ஐந்து படங்களில் நான்கு இருட்டு. ஐந்தாவதும் ஆட்டத்தில் கலங்கியிருந்தது. அடுப்பு நெருப்பின் வெளிச்சம் மட்டும். அதன் முன் அவனுடைய அம்மா குனிந்து உலையைக் கிளறுகிறார். பின்னால் வாசல், அதற்கு வெளியே இன்னும் விடியவில்லை.

மூன்று வரி எழுதியிருந்தான். "இது எங்க வீட்டு அடுப்படி. மணி நாலு. எங்கம்மா எனக்குச் சோறு ஆக்குறாங்க."

"அம்மாகிட்ட கேட்டியாப்பா?" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் சார் எடுத்தேன். போட்டோ வாத்தியார்ட்ட மறக்காமக் காட்டுன்னு சொன்னாங்க."

எந்தப் போட்டிக்கும் அந்தப் படம் போகாது. வெளிச்சம் போதாது, தெளிவு இல்லை. அவனிடமும் அம்மாவிடமும் கேட்டுவிட்டு, ஆசிரியர் அறைக்கு வெளியே முன்பு நான் அடித்த அதே ஆணியில் மாட்டினோம். கீழே அவனுடைய மூன்று வரிகளையும் அவன் கையெழுத்திலேயே ஒட்டினோம்.

நாளை பள்ளிக்குச் சென்றதும் உங்கள் கைபேசியை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து படங்கள் போதும். எடுத்து வந்ததும் முதலில் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.