திண்ணைக்கு வெளியே நின்றவர்



"இன்றைய பிள்ளைக்குத் துணை நிற்பது பழந்தமிழ்க் கல்வியா, புதுமுறைக் கல்வியா?" என்பது தலைப்பு. எதிரணியில் பேசிய அம்மா போட்டாங்களே ஒரு போடு! "மனப்பாடம் பண்றது கிளிப்பிள்ளை வேலை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அதை முதலில் சொன்னது இந்த அம்மா இல்லை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர்! எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மாணவர்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். பசு கிடைத்ததை மேய்ந்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அசை போடும். மண்ணும் கிளியும் நடுத்தரம். சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறு தெரியாது என்பதால்தான் கிளிக்கு நடுத்தரம். கடைசித் தரம் எது தெரியுமா? ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை. ஆடு எந்தச் செடியிலும் நின்று மேயாது. நுனியை ஒரு கடி, அடுத்த செடிக்கு ஒரு ஓட்டம். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். பன்னாடை நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். பிள்ளைகளை விடுங்கள், எங்கள் ஆசிரியர் கூட்டத்திலேயே இந்த நான்கையும் காட்டுவேன். (பலத்த சிரிப்பு) என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும்!

ஆக, பழைய கல்வி என்றால் வெறும் மனப்பாடம் என்பது பாதி உண்மை. மனப்பாடம் பசு மேய்கிற மாதிரி. அசை போடுவது அப்புறம். ஆனால் மேயாத மாடு எதை அய்யா அசை போடும்? (கைதட்டல்)

அதே நன்னூல் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்குதான் வருமாம். இன்னொரு கால் பங்கு கூடப் படிக்கிறவனோடு பேசிப் பழகி வருமாம். மீதி அரைப் பங்கு? தான் படித்ததை அடுத்தவனுக்கு எடுத்துச் சொல்லும்போது வருமாம். புதுமுறைக் கல்வி என்று நமக்கு இப்போது பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்களே, குழுவாகப் படி, நீயே நின்று விளக்கு என்று, அது அங்கேயே இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். பெரிய பையன் சின்னப் பையனுக்கு மணலில் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் இந்த வழக்கத்தைப் பார்த்துத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குப் பாடம் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்! நம்ம ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிப் போய்விட்டான். (கைதட்டல்)

இருங்கள், நான் ஒருதலையாகப் பேச வரவில்லை. திண்ணையில் கோதண்டமும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடுகிற தண்டனை. அதை எந்த அணியில் இருந்தாலும் நியாயப்படுத்த முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-ல் எழுதி வைத்திருக்கிறார். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் எத்தனைத் திண்ணையில் எங்கள் குடும்பத்துப் பிள்ளையை ஏற விட்டிருப்பார்கள்?

எங்கள் அப்பா பிறந்தது 1932-ல், கும்பகோணம் பக்கத்துக் கிராமம். பண்ணையில் மாடு மேய்க்கிற பையன். சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, திண்ணையில் பிள்ளைகள் முறை வைத்துக் கத்துவார்கள். முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, முக்காணி, மா என்று கீழ்வாய் இலக்கம். அப்பா தெருவில் நின்று கேட்பார். மாடு நகர்ந்தால் அவரும் நகர வேண்டும். வாத்தியார் பார்த்துவிட்டால், "என்னடா இங்க நிக்கிறே, போ" என்று விரட்டுவார். மறுநாளும் போய் நிற்பார். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் காதில் ஏறியது.

1958 அறுவடை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பத்து நாள் வேலை செய்தார்கள். இரண்டு பேருக்குமாக நாளுக்கு ஒரு பதக்கு நெல் கூலி. பதக்கு என்றால் இரண்டு மரக்கால். கணக்குப்பிள்ளை களத்தில் ஒன்றரைக் கலம் அளந்துவிட்டு, "சரியாப் போச்சு, கட்டு" என்றாராம். அப்பா கட்டவில்லை. "ஐயா, பத்துப் பதக்குன்னா இருபது மரக்கால். பன்னெண்டு மரக்கால் ஒரு கலம், மிச்சம் எட்டு, அது ரெண்டு தூணி. கலமே ரெண்டு தூணி வரணும். நீங்க அளந்தது பதினெட்டு மரக்கால். ஒரு பதக்குக் குறையுது" என்றாராம். களமே அமைதியாகிவிட்டது. கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதக்கை அளந்து போட்டார். அப்புறம் என்ன ஆச்சு? களத்தில் நின்ற அத்தனைப் பேரும் அப்பாவிடம் வந்து, "எனக்கும் பாரு, எனக்கும் பாரு" என்று நின்றார்களாம். நடுவர் அவர்களே, வெறும் மனப்பாடம், எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு நாள் சோறாகி இருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

நான் ஆறாவது படிக்கும்போது, 1976-ல், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அதே வாத்தியார் வீட்டுக்குப் போனார். திண்ணைப் பள்ளி போய்விட்டது. அவர் மட்டும் வயதாகி, கண் மங்கி உட்கார்ந்திருந்தார். அப்பா சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ஐயா, தெருவுல நின்ன எனக்கே இவ்வளவு வந்துச்சு. உள்ள உக்காந்தா இவனுக்கு எவ்வளவு வரும்?" பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, தான் உட்கார்ந்திருந்த பாயைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, "உக்காருடா" என்றார். ஐந்து வருடம் அவரிடம் நன்னூல் படித்தேன், நிகண்டு படித்தேன், அந்தாதிகள் படித்தேன். பள்ளிக்கூடத்தில் கற்ற அறிவியலும் ஆங்கிலமும் எனக்கு வேலை வாங்கித் தந்தன. அதை மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆனால் ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க, ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்க, அந்தப் பாய்தான் கற்றுக்கொடுத்தது.

"அந்தாதியும் கலம்பகமும் படித்து என்ன கண்டார்கள், உ.வே.சா.வுக்கே சிந்தாமணி தெரியாதே" என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-ல் சேர்ந்தவர் உ.வே.சா. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்க, இவர் பட்டியல் போட, அவர் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. உண்மைதான், அன்றைய பாடத்தில் ஓட்டை இருந்தது. ஆனால் அந்தச் சுவடியை வாங்கிப் பிரித்தபோது அதைப் படிக்கத் தெரிந்த கை எது? அந்தாதி படித்த கை. தெரியாததைச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். ஏழே ஆண்டில், 1887-ல், சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அடித்தளம் இல்லாதவரிடம் அந்த ஓலையைக் கொடுத்திருந்தால், தம்பி, அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. அரை நிமிஷம்.

எங்கள் பள்ளியில் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், பழைய கணக்கும் நன்னூலும் வைத்திருக்கிறோம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குச் சொல்லித் தரும். 2012-ல் நான் தலைமையாசிரியர் ஆன சமயம், அப்பா பள்ளிக்கூடம் பார்க்க வந்திருந்தார். எண்பது வயது. வகுப்பில் பிள்ளைகள் கீழ்வாய் இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஜன்னல் ஓரமாக நின்றுவிட்டார். முன்னால் நின்று சொல்லித் தந்த பெண் அரைமாவிலிருந்து நேராக மாவுக்குத் தாவிவிட்டாள். வெளியிலிருந்து ஒரு குரல்: "முக்காணிய விட்டுட்டியே ஆத்தா!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் வாசலுக்கு ஓடி வந்து, "தாத்தா, உள்ள வாங்க, நீங்க சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, முந்திரியில் ஆரம்பித்தார். நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.



(கைதட்டல்)