தேர்வால் பெறும் பட்டம்

 

அமெரிக்காவில் பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலர், தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை விரைந்து முடிக்கத் தேர்வுவழிக் கிரெடிட் பெறுதல் தகுமா என வினவினர்.

அங்கு இளநிலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் தேவை. 1967 முதல் நடைபெறும் கிளெப் தேர்வுகளில், 20 முதல் 80 வரையான அளவில் 50 மதிப்பெண் பெற்றால், பல கல்லூரிகளில் ஒரு பகுதியை வகுப்பில் அமராமலேயே ஈட்டலாம்.

ஹாஃபிழிடம் எத்தனை ஆண்டுகள் ஓதினீர் என நாம் கேட்பதில்லை, ஓதிக்காட்டச் சொல்கிறோம். அவ்வாறே, அறிந்ததை நிரூபித்துப் பெறுவது தகும். தேர்வெழுதாது விலைக்கு வாங்கும் பட்டமோ மோசடி.

கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். ஆகவே கட்டணம் செலுத்துமுன், எத்தேர்வுகள் ஏற்கப்படும் என எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.