தொட்டறியும் வண்ணம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தங்கவயலில் வாழும் நமக்கு இருள் புதிதன்று. 2001 ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்படும் வரை, கதிரொளி எட்டாத ஆழத்தில் நம்மவர் உழைத்தனர். விளக்கொளி போதாத இடத்தில் கையும் செவியுமே கண்ணாயின. பாறையைத் தட்டிப் பார்த்து அதன் உறுதியை அறிந்தனர்.

உயிர்களை அறிவால் வகுத்த தொல்காப்பியர், தொட்டறிவதையே முதலறிவாக வைத்தார். அம்முதலறிவு கண்ணின் பணியையும் ஏற்குமோ? ஏற்கும் என்கின்றது அறிவியல்.

1969 இல் அமெரிக்க அறிஞர் பால் பாக்-இ-ரீட்டா தாம் அமைத்த நாற்காலியைப் பற்றி எழுதினார். அதன் சாய்மானத்தில் 400 அதிர்முனைகள் இருந்தன. படக்கருவி கண்ட உருவம், அமர்ந்தவரின் முதுகில் அதிர்வாய்ப் பதிந்தது. பழகப் பழகப் பார்வையற்றோர் பொருள்களை இனங்கண்டனர். ஆயினும் அதில் உருவம் உண்டு, வண்ணம் இல்லை.

வண்ணத்திற்கும் வழி பிறந்தது. நீல் ஹார்பிசன் என்பார்க்குப் பிறவியிலேயே யாவும் சாம்பல் நிறமாகவே தோன்றின. 2004 இல் அவர் தம் தலையோட்டில் ஓர் உணர்கொம்பைப் பொருத்திக்கொண்டார். எதிரே உள்ள பொருளின் நிறத்தை அது எலும்பில் அதிர்வாக்கும். அவ்வதிர்வை அவர் ஒலியாக உணர்வார். சிவப்புக்குத் தாழ்ந்த அதிர்வு, ஊதாவுக்கு உயர்ந்த அதிர்வு. கருவி அவருக்குப் புதிய கண்ணைத் தரவில்லை. கற்றுப் பழக ஒரு மொழியைத் தந்தது.

பெரியோர்களே! பொங்கலுக்குப் புத்தாடை எடுக்கின்றோம். பார்வையற்ற பிள்ளை, "அம்மா, என் சட்டை என்ன நிறம்?" என்று கேட்டால், "உனக்கெதற்கு நிறம்?" என்போரும் உளர். அச்சொல் சுரங்கத்து இருளினும் கொடிது. அப்பிள்ளை கேட்பது நிறத்தை மட்டுமன்று; நம்மோடு சமமாக நிற்கும் உரிமையை!

விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நம் 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும், 500 ரூபாய்த் தாளில் வட்டமும் விரலுக்குத் தட்டுப்படுமாறு புடைத்திருத்தலைத் தொட்டுப் பாருங்கள். அவ்வாறே சட்டையின் கழுத்துப்பட்டைக்கு உட்புறம், சிவப்புக்கு ஒரு முடிச்சு, நீலத்திற்கு இரண்டு, பச்சைக்கு மூன்று என நூலால் இட்டுவையுங்கள். நாளை அப்பிள்ளை யாரையும் கேளாமல் தனக்குப் பிடித்த சட்டையைத் தானே எடுத்து அணியும்.

ஊசியும் நூலும் இல்லாத வீடு நம் காலனியில் இல்லை. இன்றே தொடங்குவோம்.