பல்கலைக்கழக அனுமதியும் ஓர் அமானிதமே

அன்பிற்கினிய இளைஞர்களே! யுவதிகளே! அவர்களைப் பெற்று வளர்த்த தாய் தந்தையரே! 

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குகின்றது. பள்ளிவாசல் முற்றத்தில் வாழ்த்துகள் பரிமாறப்படுகின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பெறுபேற்றுக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்த பிள்ளை, பல்கலைக்கழக விண்ணப்பத்தை அரை மணி நேரத்தில் யாரோ ஒருவரைக் கொண்டு நிரப்பி அனுப்பிவிடுவதையும் நாம் காண்கின்றோம். அந்த அவசரத்தின் விலையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ஒட்டுசுட்டானிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர் கல்வியை எளிதாகப் பெற்றவர்கள் அல்லர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு மாவட்டத்து முஸ்லிம்களும் வீடு வாசல்களை விட்டுச் சென்றனர். பலருடைய பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் எழுத்தறிந்தனர். 2009 மே மாதம் யுத்தம் முடிவடைந்தபோது, வன்னியில் வாழ்ந்த நம் தமிழ்ச் சகோதரர்களும் உறவுகளையும் உடைமைகளையும் இழந்து நின்றனர். இத்தனைக்கும் பின்னர் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பல்கலைக்கழக இடம் அப்பிள்ளையின் தனிச்சொத்தன்று. அது ஓர் அமானிதம்.

இந்த இடம் எவ்வாறு கிடைக்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியே தெரிவின் அளவுகோலாக உள்ளது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகியன அப்பதினாறில் அடங்கும். நம் மாவட்டத்துப் பிள்ளையின் கைக்கு வரும் இடத்தில், ஆய்வுகூடமும் ஆசிரியரும் இன்றிப் படித்த பல பிள்ளைகளின் உரிமையும் கலந்திருக்கின்றது.

புத்தளத்திலிருந்து மீள்குடியேறிய பெற்றோருக்கு ஒரு சொல். உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கற்றது என்பது அனுமதியின்போது முக்கியமாகக் கவனிக்கப்படுகின்றது. எனவே பாடசாலையை மாற்றும் முன்னர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் அவ்விதியைப் படித்தறியுங்கள்.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு கேட்கப்படுகின்றது. பட்டியலில் மேலே உள்ளதொன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை நோக்கப்படமாட்டா. ஆகவே உள்ளபடி விரும்புவதை விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுங்கள். பெண்பிள்ளைகளின் பெற்றோரே! தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு மகளை அனுப்புவதா என்ற மஷூராவை விண்ணப்பத்துக்கு முன்னரே நடத்துங்கள். தெரிவுக் கடிதம் வந்த பின்னர் "அனுப்ப மாட்டோம்" என்று மறுத்தால் அவளுடைய உள்ளம் உடைகின்றது. ஓர் இடமும் வீணாகின்றது. அருகிலும் வாய்ப்புகள் உள்ளன. பம்பைமடுவில் இயங்கிய வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன.

தெரிவானதும் குறித்த திகதிக்குள் பதிவு செய்தல் வேண்டும். ஒருமுறை பதிவு செய்த மாணவர் மறு ஆண்டில் வேறொரு கற்கைநெறிக்கு மீண்டும் விண்ணப்பிக்க விதி இடமளிப்பதில்லை. "இப்போதைக்குப் பதிவோம், பிறகு பார்ப்போம்" என்று எண்ணுவோர் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். பதியாது விடும் இடம் இன்னொருவருக்கு வழங்கப்படலாம். ஆனால் அவர் விரிவுரைகள் தொடங்கிய பின்னரே வந்து சேர்வார்.

இனி வெளிநாட்டுக் கல்வி. கல்வியைத் தேடித் தூர தேசம் செல்வது நம் முன்னோரின் வழிமுறை. ஆயினும் ஊரில் இடம் கிடைக்காத வெட்கத்தை மறைப்பதற்காகப் புறப்படுவது வேறு. அறிந்து, திட்டமிட்டுப் புறப்படுவது வேறு. இங்கு முதலாம் வருடத்தில் இருப்போரே! வெளிநாட்டில் மேற்படிப்பை நாடினால் உங்கள் ஆயத்தம் இன்றே தொடங்கட்டும். முதல் அரையாண்டின் புள்ளிகளும் உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தில் இறுதிவரை நிற்கும். ஆங்கிலத்தை இப்போதே பயிலுங்கள். ஐயெல்ட்ஸ் பரீட்சைக்கோ அவசரப்படாதீர்கள், அதன் பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி பெற்று, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரம் முடித்ததும் நேரடியாக வெளிநாடு செல்ல நினைப்போர், முகவரிடம் பணம் கொடுக்கும் முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தை நமது ஆணைக்குழு அங்கீகரிக்கின்றதா? மருத்துவமாயின் இலங்கை மருத்துவ சபை ஏற்கின்றதா, திரும்பி வந்து எழுத வேண்டிய பரீட்சை யாது? பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குச் செல்கின்றதா, முகவரின் சட்டைப்பைக்குச் செல்கின்றதா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தொழிலுக்கு ஆள் அனுப்புவதற்கே உரியது. அதனைக் காட்டிப் பல்கலைக்கழக இடம் தருவதாகக் கூறுபவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

பணத்தை முழுமையாகக் கணக்கிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டுப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் அப்போது பட்ட பாட்டை மறவாதீர்கள். உம்மாவின் நகையும் வாப்பாவின் வயற்காணியும் வட்டிக் கடனுக்கு ஈடாகும் நிலை வருமாயின், அப்பயணத்தைப் பற்றி மீண்டும் யோசியுங்கள். முதலில் புலமைப்பரிசில்களைத் தேடுங்கள். இந்திய அரசு கொழும்பிலுள்ள தனது உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. துருக்கி அரசின் உதவித்தொகைத் திட்டமும் உண்டு. இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983இல் தொடங்கிய திட்டம், முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் மாணவருக்கு வட்டியில்லாக் கடனாக உதவியது. கற்றவர் திருப்பிச் செலுத்தும் பணம் அவரது சமுதாயத்தின் அடுத்த மாணவருக்குப் பயன்படுவதே அதன் ஏற்பாடு. நமது ஜமாஅத்தும் சிறிய அளவிலேனும் இவ்வழியைப் பின்பற்றலாகாதா? ஊரில் பட்டம் பெற்ற ஒருவர், விண்ணப்பக் காலத்தில் ஒரு மாலைப்பொழுதைப் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்காக ஒதுக்குவதற்குப் பணமும் தேவையில்லை.

அன்பர்களே! தவக்குல் வைப்பவர் முயற்சியைக் கைவிடுவதில்லை. கைந்நூலை வாசியுங்கள், வீட்டாரோடு மஷூரா செய்யுங்கள், இஸ்திகாராத் தொழுங்கள், திகதி தவறாது பதியுங்கள். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக! கற்றவர்களை இம்மண்ணுக்கும் அதில் வாழும் அனைவருக்கும் பயனுள்ளவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.